நம்ம பங்குக் கோயில் (சர்ச்) திருப்பணி முடிஞ்சுது, கமிட்டி தர்ற கணக்கும் கதையும்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஒருவழியா சாரத்தைப் பிரிச்சாச்சு, போன ஞாயித்துக்கிழமை பூசையும் வச்சாச்சு. பேக்கரி வாசல்ல பார்த்தா கூட "எப்பங்க முடியும்"னு கேட்டுட்டே இருந்தீங்க, அதுக்கான பதில்தான் இது.

"மறைமாவட்டம் ஏன் காசு குடுக்கல"னு சிலர் கோவப்பட்டீங்க. பிரான்சுல அரசையும் மதத்தையும் பிரிச்ச 1905 சட்டத்துக்கு முன்னாடி கட்டின பங்குக் கோயில்ல பெரும்பாலானது கம்யூன், அதாவது ஊராட்சி, சொத்துங்க, சாமியாருக்கும் சனத்துக்கும் இருக்கிறது உபயோகிக்கிற உரிமைதான். ஓடு ஒழுகினா மேயர் தலையிலதான் விடியும். நம்ம கம்யூன் கஜானா எப்படின்னு உங்களுக்கே தெரியும், அதனால பழைய கட்டடங்களைக் காப்பாத்த உதவுற ஃபோந்தாசியோன் து பத்ரிமுவான் அமைப்பு மூலமா நன்கொடை திரட்டினோம். குடுத்தவங்களுக்கு அதுல பெரும்பகுதி வருமான வரியில கழியும், ரசீதைத் தொலைச்சிராதீங்க.

இப்போ வேலைக்கு வர்றேன். வடக்குச் சுவர்ல ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறினதுக்கு மழை காரணமில்ல, நம்ம தாத்தா காலத்துல நல்ல எண்ணத்துல பூசின சிமெண்ட்தான் காரணம். 12-ம் நூற்றாண்டு சுவர் கல்லும் சுண்ணாம்பும், தரையிலேர்ந்து ஏறுற ஈரத்தை சுண்ணாம்பு மூச்சு விடற மாதிரி வெளிய விட்டுரும், சிமெண்ட் போட்டு மூடினா அது போக வழியில்லாம இன்னும் மேல ஏறி, கூடவே வந்த உப்பு கல்லுக்குள்ள படிகமாகி கல்லோட மேற்பரப்பை அப்பளம் மாதிரி உரிச்சுரும். மொத்த சிமெண்ட்டையும் கையால கொத்தி எடுக்கவே ஒரு சீசன் போச்சு. பனி விழற நாள்ல சுண்ணாம்புச் சாந்து பூசக் கூடாது, உறைஞ்சு உதிர்ந்துரும், குளிர்காலம் பூரா வேலை நின்னதுக்கு அதான் காரணம், காண்ட்ராக்டர் தூங்கல.

அப்புறம் அந்தச் சமாச்சாரம். பீடத்துக்கு இடப்பக்கம் பழைய வெள்ளையடிப்புல நகத்தளவு ஒரு செதில் பேர்ந்து விழ, உள்ள காவிச் சிவப்பு. கொத்தனார் உளியைக் கீழ வச்சுட்டு எங்களைக் கூப்பிட்டார். வல்லுநர் வந்து கத்தி முனையால உள்ளங்கை அளவு திறந்து பார்த்தாங்க: வண்ணத்துல வரைஞ்ச ஒரு துணி மடிப்பு, ரெண்டு விரல்.

உடனே எல்லாருக்கும் பக்கத்து விக் ஊர் கோயில் ஞாபகம் வந்துருச்சு. அங்கயும் 1849-ல பங்குச் சாமியார் பெரிகோ வெள்ளைக்குப் பின்னாடி ஓவியங்களைக் கண்டுபிடிச்சு, பக்கத்து நோஆன் ஊர்ல இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அம்மா மூலமா சேதி, அரசோட பழஞ்சின்னங்களுக்கு இன்ஸ்பெக்டரா இருந்த மெரிமே காதுக்குப் போய்த்தான் அதுக்கு அரசு பாதுகாப்பு கிடைச்சுது. நமக்கும் அப்படி ஒரு சுவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கமிட்டியில ரெண்டு நாள் சண்டை. கடைசியில மேல உரிக்க வேணாம்னு முடிவு பண்ணோம், சுவர் முழுசா காயாம திறந்தா இருக்கிற வண்ணமும் கொட்டிரும். அந்த உள்ளங்கை அளவை மட்டும் திறந்தபடி விட்டிருக்கு, தயவுசெஞ்சு பிள்ளைங்க விரலை வைக்காம பார்த்துக்கங்க.

வடக்குப் பக்கம் புதுசா வெட்டின வடிகால் இலை விழுந்து அடைச்சா மறுபடி பழைய கதைதான். அக்டோபர்லேர்ந்து கூட்டி விட ரெண்டு பேர் வேணும், வர்றவங்க சாவி வச்சிருக்கிற அம்மாகிட்ட பேர் குடுங்க.