எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடைசிக்கு விடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் அக்காவும் நலம். கம்ப்யூட்டருக்கு வாங்கப்போகும் பாகங்களின் பட்டியல் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியது வந்து சேர்ந்தது. போனில் சொன்னால் "சரி அம்மா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் என்பதால் காலை எட்டு மணியிலிருந்தே மனு அடிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. கடைசி ஆளும் போன பிறகு உன் பட்டியலைத் தாளில் எடுத்து வைத்து, சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் பார்த்தேன்.

அறுபதாயிரம் ரூபாயில் விளையாட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டர். உன் சம்பாத்தியத்தில் உனக்காக நீ வாங்கும் முதல் பெரிய பொருள். எனக்கு அதில் முழுச் சந்தோஷம். பத்தாம் வகுப்பு படிக்கும்போது நீ கேட்டாய். வாங்கித் தர முடியவில்லை. கடையில் இருந்த பழைய மெஷினில்தான் விளையாடுவாய். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் விளையாட்டை மூடிவிட்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவாய். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அது என் மனத்தில் அப்படியே இருக்கிறது. அதனால் இதை வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்குவது உருப்படியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற எல்லாப் பொருளுக்கும் மாடல் பெயர் எழுதியிருக்கிறாய். எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டிக்கு மட்டும் "எஸ்.எம்.பி.எஸ். – கேபினெட்டோடு வருவது" என்று போட்டிருக்கிறாய். தம்பி, அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போனது.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்காது. ஒரு கடையில் மொத்தமாக வாங்கிய மெஷின் அது. கேபினெட்டோடு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வந்தது, மேலே பெரிதாக 450 வாட் என்று அச்சடித்திருந்தது. வாங்கி ஏழு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் கரண்டு போய்த் திரும்பி வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். பின்பக்க விசிறி வழியாகப் புகை. அழுகிய மீன் போல ஒரு நாற்றம் கடை முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பெட்டி மட்டும் போயிருந்தால் சில நூறு ரூபாயோடு தீர்ந்திருக்கும். போகிற போக்கில் அது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கொண்டுபோய்விட்டது. மூன்று கல்யாணப் பத்திரிகை, ஒரு பள்ளியின் ஆண்டு மலர், அடித்த மனுக்களின் நகல் எல்லாம் அதில்தான் இருந்தன. ஆண்டு மலரை மட்டும் ஐந்து இரவு கண் விழித்துத் திரும்ப அடித்தேன். விற்றவரிடம் போனால் "கரண்டு ஏற்ற இறக்கத்துக்கு வாரண்டி இல்லை" என்று சொல்லிவிட்டார்.

சர்வீஸுக்கு வந்த பையன் அந்தப் பெட்டியைக் கழற்றி எனக்குக் காட்டினான். சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கெபாசிட்டரின் தலை வீங்கிப் பிளந்து, அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. சூட்டை இழுக்க வைக்கும் அலுமினியத் தகடு பத்திரிகை அட்டை கனம்கூட இல்லை. மின்சாரத்தை வடிகட்டும் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டைப் பற்றவைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு லேபிளைப் படிக்காமல் நான் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வாங்கியதில்லை.

நீயும் படித்துப் பார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கட்டம் இருக்கும். அதில் +12 வோல்ட் என்ற இடத்துக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்கு. 450 வாட் என்று எழுதிய பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்தான் இருக்கிறதென்றால், கணக்குப் போடும் பிராசஸருக்கும் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கும் அதில் கிடைப்பது 216 வாட்தான். இரண்டுமே பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. பேர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் பெட்டி, 80 பிளஸ் வெண்கல (Bronze) முத்திரை, ஐந்து வருட வாரண்டி, இவை மூன்றும் இருக்கட்டும். அந்த முத்திரை மின்சாரத்தை அதிகம் வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுக்கொள்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பாய். உன் பட்டியலிலேயே இருக்கிறது. எட்டு கோர், அதாவது எட்டு மூளை உள்ள ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸரை எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் நாலு ஜி.பி. நினைவகம் உள்ள ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டை எழுதியிருக்கிறாய். விளையாட்டில் படத்தை வரைகிற வேலை கார்டுடையது. அங்கே சுருக்கிவிட்டுப் பிராசஸரில் கொட்டினால் எட்டு கோரும் கை கட்டிக்கொண்டு நிற்கும். ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600 உனக்குத் தாராளம். மிச்சத்தைக் கார்டில் போடு. எட்டு ஜி.பி.க்குக் குறைந்து எதையும் பார்க்காதே, ஆர்.எக்ஸ். 6600 நல்ல விலைக்குக் கிடைத்தால் அதையே எடு. அது 132 வாட், பிராசஸர் 65 வாட், போர்டுக்கும் விசிறிக்கும் மற்றதற்கும் ஐம்பது வைத்துக்கொண்டாலும் 550 வாட் பெட்டி மூச்சு வாங்காது.

நீ எழுதிய பி450 மதர்போர்டில் இன்னொரு சிக்கல். 6500 எக்ஸ்.டி. கார்டு போர்டோடு பேசுவது நாலே நாலு லேனில், அதாவது நாலு தடத்தில். அந்தத் தடத்துக்கு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பேர்; பி450 போர்டில் இருப்பது அதன் மூன்றாம் தலைமுறை, அதில் ஒவ்வொரு லேனின் வேகமும் நாலாம் தலைமுறையில் பாதி. காலை ஒன்பது மணிக்கு நம்மூர் சுலோசன முதலியார் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்தால் வண்ணார்பேட்டை வரை வண்டி நிற்குமே, அந்தக் கதைதான். கார்டில் நினைவகம் நாலு ஜி.பி. என்பதால் அந்த வழியாகத்தான் அடிக்கடி போய் வர வேண்டியிருக்கும். நாலாம் தலைமுறை உள்ள பி550 போர்டு வாங்கு. 6600 கார்டுக்கு எட்டு லேன்.

பிராசஸரைப் பொருத்தும் ஏ.எம்.5 சாக்கெட் 2022-இலேயே வந்துவிட்டதே, 5600 உட்காரும் பழைய ஏ.எம்.4 எதற்கு என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை. நாளைக்குப் பிராசஸரை மட்டும் மாற்ற அதுவே வசதி. ஆனால் அதில் புதிய வகையான டி.டி.ஆர்.5 ரேம் மட்டும்தான் பொருந்தும், போர்டும் விலை கூடுதல். 2025 கடைசியிலிருந்து எல்லா ரேமும் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில், அந்த வித்தியாசத்தை நீ கார்டிலிருந்துதான் பிடுங்க வேண்டியிருக்கும். அறுபதாயிரத்துக்குள் என்றால் என் மனம் ஏ.எம்.4 பக்கம்தான்.

ரேம் பதினாறு ஜி.பி., எட்டு எட்டாக இரண்டு. ஒற்றைக் குச்சி வாங்காதே. விளையாட்டுகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. ஒரு டி.பி. (ஆயிரம் ஜி.பி.) முடிந்தால் நல்லது, இப்போதெல்லாம் ஒரு விளையாட்டே நூறு ஜி.பி.யைத் தாண்டுகிறது. கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், காற்று புகும் வலை போதும். வண்ண விளக்குகளை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.

கார்டை மட்டும் இ.எம்.ஐ.யில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் தம்பி. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. விளையாட்டுச் சாமானுக்குக் கடன் தவணை கட்டத் தொடங்காதே. 5600-இல் உள்கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது என்பது எனக்கும் தெரியும். 5600ஜி வாங்கினால் கார்டு இல்லாமலே ஓடும்தான். ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் அதில் பாதி, 16 எம்.பி.; அதோடு அதுவும் மூன்றாம் தலைமுறைப் பாதை. பின்னால் கார்டு போடும்போது வருத்தப்படுவாய். இரண்டு சம்பளம் பொறுத்து மொத்தமாக வாங்கு.

பழைய கார்டு யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் ஓட விட்டு, அரை மணி நேரமாவது விளையாட்டில் வைத்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதே. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை கார்டு வைத்து உருவாக்கும் முறை நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ரிச்சி தெருவோ வேறு எந்தத் தெருவோ, பில் இல்லாமல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடு. அந்த எஸ்.எம்.பி.எஸ். வெடித்தபோது என் கையில் பக்கா பில் இருந்திருந்தால் நான் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

நீயே பொருத்துவேன் என்று எழுதியிருப்பதில் எனக்குப் பெருமை. ஏ.எம்.4 பிராசஸரின் அடியில் ஊசி ஊசியாகப் பின் இருக்கும். மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைப் போர்டில் உள்ள முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக இறங்கும், அழுத்தாதே. ரேமை இரண்டாவது, நாலாவது இடத்தில் போடு. மெஷினைத் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் மெதுவாகத்தான் ஓடும். மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகு, போர்டில் அல்ல. உன் அறையில் உள்ள மூன்று பின் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடு. இதைத் தள்ளிப்போடாதே.

தரையில் வைக்காதே. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருகி வந்தபோது மேசை மேல் இருந்த இரண்டு மெஷினும் பிழைத்தன. தரையில் இருந்த ஒன்றைத் திறந்தபோது கார்டு சொருகும் இடம் வரை ஆற்றுச் சேறு படிந்து, காய்ந்து வெடித்துக் கிடந்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் யு.பி.எஸ்.ஸைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்ததை அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதே மாத ஆரம்பத்தில் சென்னையிலும் தண்ணீர் புகுந்தது உனக்குத் தெரியும். நீ இருப்பது கீழ்த்தளம்.

மானிட்டருக்கு எழுதிய தொகையை அடித்துவிட்டேன். கடையில் பத்திரிகை டிசைனுக்கு வாங்கிய 24 அங்குல மானிட்டரை உனக்குத் தருகிறேன். நொடிக்கு 75 முறை படம் மாறும் 75 ஹெர்ட்ஸ்தான், 144 வேண்டுமென்றால் பிறகு பார்த்துக்கொள். எனக்குப் பழையது போதும், மனு அடிக்க அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பணம் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் கார்டுக்கும் சேரட்டும்.

அப்பா அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறார். மானிட்டரைப் போர்வை சுற்றி அட்டைப் பெட்டியில் கட்டிவிட்டேன். சனிக்கிழமை காலை எழும்பூருக்கு வந்து பெட்டியை நீ தூக்கு. அவருக்குத் தோள்பட்டை வலி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அன்புடன்,
அம்மா
கொக்கிரகுளம்