செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் அனிமேஷன் சங்கத்தின் செயற்குழு 9 முறை கூடியது. மாட்டுங்காவில் நாம் கூடும் அறை மழையில் ஒழுகியதால் இரண்டு கூட்டங்கள் செம்பூரில் ஓர் உறுப்பினர் வீட்டில் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையின் பெரும்பகுதி, செப்டம்பரில் கோரேகாவில் உள்ள பெரிய அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றுக்கு நாம் சென்றுவந்ததைப் பற்றியது.

முதலில் ஒரு வருத்தம். ஸ்டுடியோ கேட்ட பெயர்ப் பட்டியலில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இருந்தது. நம் முன்னெழுத்துகளை விரித்து அதில் நிரப்பியவன் நான். ஆதாரில் இருந்த பெயரோடு அது பொருந்தாமல் 3 பேர் வாசலோடு திரும்ப நேர்ந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் இந்த அவையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

உள்ளே கைப்பேசிகளை உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். நாம் ஒரே மேசையில் செய்யும் வேலை அங்கே தளம் தளமாகப் பிரிந்து கிடக்கிறது: காட்சிகளை வரிசையாக வரைந்து திட்டமிடும் ஸ்டோரிபோர்டு ஓரிடம், பாத்திரங்களுக்கு அசையும் எலும்புக்கூடு பொருத்தும் ரிக்கிங் ஓரிடம், லைட்டிங் வேறிடம். ரெண்டர் இயந்திரங்கள், அதாவது இறுதிப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் கணினிகள், இருந்த குளிர்ந்த அறையின் கண்ணாடி முன்னால் பலரும் நகராமல் நின்றார்கள். காரணம் புரிகிறது. ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்குப் பத்து நிமிடம் என்றால், வீட்டுக் கணினி ஒன்று இரவும் பகலும் ஓடி முடிக்கப் பத்து நாள் ஆகும். அவர்களோ நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனாலும் எனக்குப் பொறாமை வந்தது அந்த அறையில் அல்ல, காலை நேரப் பார்வையிடலில்தான். முந்தைய நாள் வேலையைத் திரையிட்டு எல்லோரும் சேர்ந்து திருத்துகிறார்கள். ஒரு சிறுவன் வாளியைத் தூக்கும் ஷாட் ஓடியது. மூத்த அனிமேட்டர் நிறுத்தினார். "கைப்பிடியைப் பிடித்தவுடனே வாளி எழுந்துவிடுகிறது; தண்ணீரின் கனம் எங்கே?" என்று கேட்டு, எழுந்துபோய் நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக் காட்டினார். தோள் முதலில் இறங்கியது, முழங்கால் மடிந்தது, அதன் பிறகே நாற்காலி தரையை விட்டது. அப்போது தாராவியிலிருந்து வந்த நம் உறுப்பினர், தெருக்குழாயில் தன் அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றும்போது உடம்பு எதிர்ப்பக்கம் சாய்வதையும் வெறுங்கை தானாக விலகுவதையும் நடித்துக் காட்டினார். மூத்தவர் அதை மறுபடியும் செய்யச் சொல்லி, தன் தாளில் வரைந்துகொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மென்பொருள் இல்லையே என்று நாம் இனிச் சொல்ல முடியாது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் உருவான லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ 2025இல் ஆஸ்கர் வென்றது. நமக்கு இல்லாதது, பாதியில் நிறுத்தி "கனம் எங்கே?" என்று கேட்கும் ஆள். அதனால்தான் அக்டோபர் முதல் மாதம் ஒரு சனிக்கிழமை திருத்த அமர்வு நடத்துகிறோம். முதல் அமர்வில் பலர் மனம் நொந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. நான்காவது அமர்வில் அவர்களே முதலில் பென் டிரைவை நீட்டினார்கள்.

ஜனவரியில் பெடர் சாலையில் உள்ள இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷன் இயங்கிய வளாகம் அது. அதன் கார்ட்டூன் பிரிவுக்கு 1956இல் டிஸ்னி அனிமேட்டர் கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி அளித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, பின்னாளில் இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன் அங்கே அவரிடம் தொழில் கற்றார். அந்த வளாகத்தில் நிற்கும்போது நம் சனிக்கிழமைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஸ்டுடியோ பயணத்தில் முதல் 3 இடங்கள் வாசலில் நின்றவர்களுக்கு. பெயர்களை ஆதாரில் உள்ளபடியே எழுதித் தாருங்கள். திருத்த அமர்வுக்கு முடிக்காத ஷாட்டையே கொண்டுவாருங்கள்.

இவ்வறிக்கையை அவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
மும்பை