பழுதுன்னு தெரிஞ்சே வித்த சீட்டுக்கு என் காசைத் திருப்பிக் குடுங்க

கஸ்டமர் ரிலேஷன்ஸ் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். புக்கிங் ரெஃபரன்ஸ், பழைய கேஸ் நம்பர்கள் எல்லாத்தையும் சப்ஜெக்ட் லைன்லயே போட்டிருக்கேன். தயவு செஞ்சு இதுக்கும் ஒரு புது கேஸ் நம்பர் குடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிக்க வைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் புது ஆளு, புது நம்பர், அதே கதையை நான் திரும்பவும் ஒப்பிக்கணும், எல்லாம் கேட்டு முடிச்சதும் "லைன்லயே இருங்க சார்"னு மியூசிக்கைப் போட்டுட்டு போயிடறாங்க. அந்த மியூசிக் இப்பல்லாம் எனக்கு தூக்கத்துல கேக்குது.

விஷயம் 21சி. அந்த போயிங் 777 விமானத்துல 21சி எப்படிப்பட்ட சீட்டுன்னு நான் விளக்க வேண்டியதில்ல, என்னைவிட உங்களுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் வித்தீங்க பாருங்க, அதுதான் என் புகாரே. சும்மா கிடைச்ச சீட்டா இருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். முட்டி வலி இருக்கு, 14 மணி நேரம் உக்காரணும், ஓரத்து சீட்டா இருந்தா அப்பப்ப காலை நீட்டிக்கலாம்னு டிக்கெட்டுக்கு மேல தனியா காசு கட்டி எடுத்தேன், நீங்களும் அதுக்கு தனியா இ.எம்.டி. ரசீது, அதாவது டிக்கெட் இல்லாத மத்த கட்டணத்துக்கு குடுக்கற எலக்ட்ரானிக் ரசீது, அனுப்புனீங்க. சீட் மேப்ல அழகா வேற கலர்ல "ப்ரிஃபர்டு"ன்னு போட்டிருந்தீங்க. யாரு ப்ரிஃபர் பண்ணது அதை? முன் சீட்டுக்கு அடியில சரியா என் கால் போற இடத்துல ஒரு இரும்புப் பெட்டி, டீவி சிஸ்டத்தோட கரன்ட் பெட்டியாம், பாதி இடம் அதுக்கே போச்சு. சீட் மேப்ல டாய்லெட் எங்கன்னு காட்டுறீங்க, ஜன்னல் எங்க இல்லைன்னு காட்டுறீங்க, காசு வாங்குற சீட்டுல இந்தப் பெட்டி இருக்குன்னு மட்டும் காட்ட மாட்டீங்க.

சரி, பெட்டிதான் இருக்கே, டீவியாவது ஓடுமான்னா அதுவும் இல்ல. ஏறி உக்காந்ததும் ஸ்கிரீன்ல கறுப்பு பின்னணியில வெள்ளை எழுத்து கடகடன்னு ஓடுது, மேல மூலையில ஒரு பென்குயின் படம், அப்புறம் உங்க லோகோ, லோகோ பாதி வந்ததும் மறுபடி கறுப்பு, மறுபடி பென்குயின். ஊர் வந்து சேர்ற வரைக்கும் நான் பார்த்த ஒரே படம் அதுதான். ஆயிரக்கணக்குல படம் இருக்குன்னு விளம்பரம் பண்றீங்க, இருக்கட்டும், பக்கத்து சீட்காரர் சத்தம் போட்டு சிரிச்சப்ப எட்டிப் பார்த்து தெரிஞ்சுக்கிட்டேன். முதல்ல வந்த க்ரூ ஒருத்தர் பழைய டீவியைத் தட்டுற மாதிரி ஸ்கிரீன் தலையில ரெண்டு தட்டு தட்டிட்டு "ரீசெட் பண்றோம், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க"ன்னு போனவர் சாப்பாட்டு ட்ரேயை எடுக்கத்தான் திரும்பி வந்தார். ரீசெட் பண்ண பண்ண யூ.எஸ்.பி. சார்ஜரும் சேர்ந்து செத்துப்போச்சு.

அந்த ஸ்கிரீனை ஆஃப் பண்ணவும் முடியல. அதை யாராவது யோசிச்சீங்களா? கேபின் முழுக்க லைட்டை அணைச்சுட்டு எல்லாரும் தூங்கறாங்க, என் மூஞ்சிக்கு நேரா ஒரு முழம் தூரத்துல வெள்ளை வெளிச்சம் விட்டு விட்டு அடிக்குது. ஆர்ம்ரெஸ்ட்ல இருக்கற ரிமோட்ல பிரைட்னெஸ் பட்டனை அமுக்கினா க்ரூவைக் கூப்பிடற மணி அடிக்குது, ஆனா யாரும் வரல. கடைசியில ஒரு சின்னப் பொண்ணு, உங்க க்ரூதான், அவங்க வந்து வாந்தி கவரை விரிச்சு ஸ்கிரீனோட இடுக்குல மேலயும் கீழயும் சொருகி வெளிச்சத்தை மறைச்சாங்க. மிச்ச பயணம் பூரா நான் வாந்தி கவரைப் பார்த்துக்கிட்டே வந்தேன் சார். காசு குடுத்து.

அந்தப் பொண்ணுதான் சொன்னாங்க, "இந்த சீட்டா சார், போன ட்ரிப்லயும் இதே ப்ராப்ளம்தான், கேபின் லாக் புக்ல எழுதிக் குடுத்திருக்கோம், இன்னும் சரி பண்ணல"ன்னு. இதை நல்லா ரெண்டு தடவை படிங்க. அந்தப் பொண்ணு மேல எந்த நடவடிக்கையும் எடுத்துடாதீங்க, அன்னைக்கு ஃப்ளைட்ல மனுஷத்தனமா பேசின ஒரே ஆள் அவங்கதான், உங்க கம்பெனிக்கு கொஞ்சநஞ்சம் பேர் மிச்சம் இருக்குன்னா அவங்களாலதான். நான் கேக்கறது இதுதான்: லாக் புக்ல ஏறிடுச்சு. டீவி ஓடலைன்னா விமானம் பறக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல, இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது இல்ல, அதனால ரிப்பேரைத் தள்ளிப் போடலாம், எல்லாம் புரியுது. தள்ளிப் போடுங்க. ஆனா அந்த சீட்டை ப்ரிஃபர்டுன்னு கலர் அடிச்சு எக்ஸ்ட்ரா காசுக்கு விக்காம பிளாக் பண்ணி வைக்கறதுக்கு என்ன கேடு? இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட்டுக்கு தெரிஞ்சது சீட் விக்கற டிபார்ட்மென்ட்டுக்கு தெரியாதா, ரெண்டும் ஒரே கம்பெனிதானே?

இப்ப உங்க கால் சென்டர் சூப்பர்வைசர் விஷயத்துக்கு வர்றேன். பேர் சொல்ல மாட்டேன்னுட்டாங்க, "எங்க பாலிசி"யாம், ஆனா கால் ரெக்கார்ட் ஆகுதுன்னு நீங்களே ஆரம்பத்துல சொல்றீங்கல்ல, எடுத்துக் கேளுங்க. நான் பாட்டுக்கு மரியாதையா, ஒரு வார்த்தை கூட தடிக்காம, மேல சொன்னதை எல்லாம் சொல்லி முடிச்சேன். அந்தம்மா ஒரு செகண்ட் கூட யோசிக்காம கேட்ட கேள்வி: "சார், ஃப்ளைட் பத்திரமா லேண்ட் ஆச்சா இல்லையா?" ஆச்சுன்னேன். "அப்புறம் என்ன சார்?"

அப்புறம் என்னவா? பத்திரமா இறக்குறதுக்குத்தான் டிக்கெட் காசு, அதை நான் கேக்கவே இல்லையே. சீட்டுக்குன்னு தனியா வாங்கினீங்களே, அது எதுக்குன்னு கேட்டா "சீட்ல நீங்க உக்காந்தீங்கல்ல, அப்ப யூஸ் பண்ணியாச்சு, நான்-ரீஃபண்டபிள், காசு திரும்ப வராது"னு ஒரு பதில். லாக் புக் பத்திக் கேட்டா "எங்க சிஸ்டத்துல அப்படி எதுவும் காட்டல"ன்னு சொல்லிட்டு, நான் பேசிக்கிட்டே இருக்கும்போது பக்கத்துல யார்கிட்டயோ சிரிக்கறாங்க. அந்த சிரிப்பு. அதுக்காகத்தான் இந்த மெயில். சீட்டை விடுங்க, டீவியை விடுங்க, அந்த சிரிப்பை என்னால விட முடியல.

இதுக்கு முன்னாடி உங்க வெப்சைட் ஃபார்ம்ல எழுதினேன். அதுல சீட் பழுதுன்னு ஒரு ஆப்ஷனே கிடையாது, "உணவு மற்றும் பொழுதுபோக்கு"ன்னு இருந்ததைத் தட்டினேன், அதுக்கு வந்த பதில்ல "உங்கள் பெட்டி தாமதமாக வந்ததற்கு வருந்துகிறோம்"னு இருந்துச்சு. என் பெட்டி எனக்கு முன்னாடியே வந்து பெல்ட்ல சுத்திக்கிட்டு இருந்துச்சு சார், அது ஒண்ணுதான் அந்த பயணத்துல உருப்படியா நடந்தது. அதைச் சொல்லித் திருப்பி எழுதினா மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1999-ன்னு ஒரு பக்கம் காப்பி பேஸ்ட் பண்ணி, இந்த மாதிரி விஷயத்துக்கு இழப்பீடு வராதுன்னு ஒரு பாடம். நானும் அதைப் படிச்சேன். காயம், தாமதம், பெட்டி, இதுக்கெல்லாம் விமான கம்பெனி எவ்வளவு பொறுப்புன்னு சொல்ற ஒப்பந்தம் அது. நீங்க தனியா வித்த பொருள் சொன்னபடி இல்லைன்னா வாங்கின காசை வச்சுக்கலாம்னு அதுல எங்கயும் எழுதலையே.

சிட்டி ஆபீஸ் கதையையும் சொல்லிடறேன். உங்க கால் சென்டர்தான் நேர்ல போங்க, போர்டிங் பாஸ் ஒரிஜினல் கொண்டு போங்கன்னு அனுப்பினது. லீவு போட்டு, பஸ் மாறி மாறிப் போய் நின்னா, இங்க டிக்கெட் மட்டும்தான், புகாரெல்லாம் ஏர்போர்ட் கவுன்டர்லன்னாங்க. ஏர்போர்ட்டுக்குப் போனா உங்க கவுன்டர்ல ஆளே இல்ல, ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடிதான் திறப்பாங்களாம், சரின்னு சாயந்திரம் வரைக்கும் தரையில உக்காந்திருந்தேன், உக்கார சேர் கூட உள்ளதான் இருக்கு. திறந்ததும் முதல் ஆளா போய் நின்னா "சார் நாங்க கிரவுண்ட் ஹேண்ட்லிங், காண்ட்ராக்ட், ஏர்லைன் ஸ்டாஃப் இல்ல, கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க"ன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல நம்பர் எழுதிக் குடுத்தார். எந்த நம்பர்னு நினைக்கறீங்க? என்னை அங்க அனுப்புன அதே நம்பர்.

சீட் சாயவும் இல்லைன்னு சொன்னேனா? சொல்லல, கோவத்துல விட்டுப்போச்சு. பட்டன் அமுங்குது, முதுகு அசையல. எனக்கு முன்னாடி இருந்தவர் சீட் மட்டும் நல்லா சாஞ்சுது, அவர் சாய்க்கத்தான் செய்வார், அவரும் காசு குடுத்தவர்தானே, சண்டை போட எனக்கு மனசில்ல. உங்க இன்ஃப்ளைட் மேகசின்ல கால்ல ரத்தம் உறையாம இருக்க உக்காந்த இடத்துலயே கணுக்காலைச் சுத்துங்கன்னு படம் போட்டு விளக்கியிருக்கீங்க. இரும்புப் பெட்டி ஒரு பக்கம், சாஞ்ச சீட் ஒரு பக்கம், எங்க சார் சுத்தறது? இதே 777-ல எகானமில வரிசைக்கு 9 சீட் போட்டு ஓட்டின காலம் உண்டு, இப்ப அதே அகலத்துல 10. விமானம் பெருசாகல, நாங்களும் சின்னதாகல. விமானத்துக்குள்ள ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ போயிடும், தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்கன்னு அதே மாதிரி புத்தகத்துல எல்லாம் எழுதறாங்க, தண்ணி கேட்டு மணி அடிச்சா வர ஆள் வேணாமா? சாப்பாடு பத்தி குறை இல்ல. சைவம்னு முன்கூட்டியே போட்டு வச்சது சரியா வந்துச்சு, முதல் ஆளா கொண்டு வந்து குடுத்தாங்க, நன்றி. ஹெட்செட் ஒரு காதுலதான் கேட்டுச்சு, கேக்க எதுவும் இல்லாததால அது பெரிய நஷ்டமில்ல.

நஷ்டம் எங்கன்னா, சார்ஜ் இல்லாம இறங்கினதால கூப்பிட வந்தவங்களும் நானும் ஒருத்தரை ஒருத்தர் தேடி ஏர்போர்ட் முழுக்க அலைஞ்சோம். வந்ததும் கழுத்து பிடிச்சு, கண்ணு எரிஞ்சு, ஊருக்கு வந்த லீவுல பாதி படுக்கையில போச்சு. அஞ்சு வயசு கூடிப்போன மாதிரி இருக்கு, இதை மிகைன்னு நீங்க நினைச்சா 21சி-ல ஒரு ராத்திரி உக்காந்து பாத்துட்டு சொல்லுங்க. இதுக்கெல்லாம் சேர்த்து நீங்க குடுத்தது ஒரு வவுச்சர், அடுத்த தடவை உங்ககிட்டயே டிக்கெட் வாங்கினா கழிச்சுக்கலாம், ஒரு வருஷத்துல காலாவதி, வேற யாருக்கும் மாத்த முடியாது. எனக்கு அது வேணாம், கேன்சல் பண்ணிடுங்க.

எனக்கு வேண்டியது சீட்டுக்குக் கட்டின காசு முழுசா, வந்த வழியே என் கார்டுக்குத் திரும்பணும், டிக்கெட் காசுல பாதியும் தரணும், ஏன்னா பாதி சேவைதான் கிடைச்சது. அந்த நாளோட கேபின் லாக்ல 21சி பத்தி என்ன எழுதியிருக்குன்னு எழுத்துல பதில் வேணும். உங்க கம்பெனியில நல்லவங்களும் இருக்காங்கன்னு நம்பித்தான் இன்னும் பொறுமையா எழுதறேன். ரெண்டு வாரத்துக்குள்ள வரலைன்னா கார்டு கம்பெனியில சார்ஜ்பேக் போடுவேன், அதாவது கட்டின காசை உங்ககிட்டேர்ந்து திருப்பி வாங்கித் தரச் சொல்லுவேன், விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதுவேன், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவேன், வாந்தி கவர் சொருகின ஸ்கிரீனை பக்கத்து சீட்காரர் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார், அது எல்லா இடத்துக்கும் வரும். அப்படிப் போக எனக்கும் ஆசை இல்ல.

பதிலை இந்த மெயிலுக்கே போடுங்க. போன் பண்ண வேணாம், பண்ணித்தான் ஆகணும்னா அந்த சூப்பர்வைசரை மட்டும் பண்ண வைக்காதீங்க.

இப்படிக்கு,
21சி பயணி

இணைப்பு: இ.எம்.டி. ரசீது, போர்டிங் பாஸ், ஸ்கிரீன் போட்டோ, நீங்க அனுப்பின பெட்டி தாமத மன்னிப்புக் கடிதம்