சதுப்பில் சூரிய மின் திட்டம்: வடிகால் கான்களை அடைத்து நீரை நிறுத்தக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

கனம் ஐயா,

எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், எங்கள் லயக் குடியிருப்புகளுக்கும் ஓயாவுக்கும் (சிற்றாற்றுக்கும்) நடுவே உள்ள பழைய சதுப்பில் சோலார் பலகைகள் போடப் போவதாகச் சொல்லி, போன மாதம் ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். திட்டத்தை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கான்களை இன்னும் ஆழமாக வெட்டி, நிலத்தை நன்றாகக் காயவைத்த பிறகுதான் வேலை தொடங்கும் என்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

எங்கள் தாத்தாமார் காலத்தில் அது கால் வைத்தால் புதையும் பத்தனைப் புல்வெளி. மரக்கறி போடுவதற்காகக் கான் வெட்டித் தண்ணீரை ஓயாவுக்கு இறக்கினார்கள். லீக்ஸும் உருளைக்கிழங்கும் சில வருடம் நன்றாகத்தான் வந்தன. அப்புறம் நிலம் இறங்கத் தொடங்கியது. எல்லைக்கு அடித்த இரும்புக் குழாயின் தலை அன்று மண்ணோடு மண்ணாக இருந்ததாம். இன்று என் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. பங்குனியில் பீலியில் ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் காத்திருக்கிறோம்.

அந்தக் கறுப்பு மண், புல்லும் பாசியும் தண்ணீருக்குள் மக்காமல் படிந்து உண்டானது. காய்ந்தால் காற்றுப் பட்டு மக்கிக் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். உலக நிலப்பரப்பில் இவ்வகை நிலம் 3 சதவீதம்தான். ஆனாலும் மண்ணிலுள்ள காபனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. புகையில்லாத மின்சாரத்துக்காக அதைக் காயவைப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போலாகும்.

ஜேர்மனியில் 2023 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, வடிகால் வெட்டிய இத்தகைய நிலத்தில் சோலார் அமைத்து அதற்கான தனிச் சலுகையைப் பெற வேண்டுமானால், நிலத்தை நிரந்தரமாக மீண்டும் ஈரமாக்க வேண்டும். அதே நிபந்தனையை இங்கும் விதியுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

அனுமதி கொடுக்கும் முன் கான்களைப் படிப்படியாக அடைத்து, வருடம் முழுவதும் தண்ணீர் மண்ணின் மேல்மட்டத்தை ஒட்டி நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். லயங்களின் பக்கம் தண்ணீர் ஏறாதபடி மட்டம் பார்ப்பதும் திட்டக்காரர்களின் பொறுப்பாக இருக்கட்டும். பலகைகளை உயரமான கால்களில் நிறுத்தி, வரிசைகளுக்கிடையே புல்லுக்கு வெயில் விழ இடம் விட வேண்டும். அந்த மண் புளிப்பானது, இரும்புக் கால்களின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். ஆகவே எந்தக் கால் போடுகிறார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். கனரக இயந்திரம் இறக்க வேண்டாம், புதைந்துவிடும்.

எங்கள் ஓயா கொத்மலை ஓயாவில்தான் சேர்கிறது. அதன் தண்ணீரில்தான் ‘மேல் கொத்மலை’ என்ற 150 மெகாவாட் மின்நிலையம் ஓடுகிறது. ஆகவே சதுப்பில் நிற்கும் நீர் எங்களுக்கு மட்டும் உரியதல்ல, ஐயா.

அனுமதிக்கு முன் ஒருநாள் நேரில் வந்து பாருங்கள். குழாய் நிற்கும் இடத்தை நாங்கள் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கீழ்ப்பிரிவுத் தோட்ட மக்கள்