சேர்த்த புள்ளிகளுக்குப் பொறுப்பு யார்? ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

2023 மார்ச்சில் கடைகளில் சாமான் வாங்குவோருக்கு ‘மைல்’ என்ற புள்ளிகளை வழங்கும் எயர் மைல்ஸ் திட்டத்தை நடத்திய லோயல்டிவன் நிறுவனம், கடன் கொடுத்தவர்களிடமிருந்து ரொறன்ரோ நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரியதும், யூன் 1ஆம் திகதி மொன்றியல் வங்கி அதை வாங்கியதும் தாங்கள் அறிந்தவை. ஏறத்தாழ ஒரு கோடி கணக்குகள் தப்பின. 1992 முதல் பங்காளியாக இருந்த வங்கியின் கடனட்டைகளோடு மைல்கள் பின்னிக் கிடந்ததால் தப்பின. சட்டம் காப்பாற்றவில்லை. அப்படியொரு பங்காளி இல்லாத திட்டம் நாளை விழுந்தால்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வழங்கிய புள்ளிகளுக்கு ஈடான பணம் நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கில், அதாவது நிறுவனம் வேறெதற்கும் தொடமுடியாத தனிக் கணக்கில், இருக்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

கடை ஒரு மைலை வழங்கும்போதே திட்டத்துக்குக் காசு கட்டிவிடுகிறது. வாடிக்கையாளர் அதைக் கொடுத்துப் பொருளோ சீட்டோ பெற்று மீட்பதோ மூன்று, நான்கு வருடம் கழித்து. பெரிய கடை விலகினால் வரவு உடனே குறையும், பழைய மைல்களுக்கான செலவு குறையாது. செய்தி பரவியதும் எல்லோரும் அவசரமாக மீட்கத் தொடங்குவதால் அது கூடும். ஒரு பகுதி மைல்கள் மீட்கப்படவே மாட்டா என்று போட்ட கணக்கு அன்றைக்குப் பொய்த்துவிடும். 2022இல் சோபீஸ் பல்பொருள் அங்காடி எயர் மைல்ஸிலிருந்து விலகலை அறிவித்தது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், லோயல்டிவன்னின் அமெரிக்கத் தாய் நிறுவனம் இத்தொழிலை லோயல்டி வென்ச்சர்ஸ் என்று தனியே பிரித்துவிட்டபோது அதன் தலையில் 675 மில்லியன் அமெரிக்க டொலர் கடன் ஏறியிருந்தது. தாய் பணத்தோடு போனது, பிள்ளை கடனோடு நின்றது.

பலசரக்குக் கடையில் 20 டொலருக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 மைலுக்குப் பத்து டொலர். அதாவது 1,900 டொலருக்குச் சாமான் வாங்கிய குடும்பத்துக்குக் கிடைப்பது பத்து டொலர். திட்டம் நொடித்துப்போகும்போது கடன் கொடுத்தவர்களுக்கு ஈடும் வழக்கறிஞரும் உண்டு. பொருள் வழங்கியவருக்கு உரிமைகோரல் படிவமாவது உண்டு. இந்தக் குடும்பத்துக்கோ, புள்ளிக்குப் பணப் பெறுமதி இல்லை என்ற சிறிய எழுத்து விதிதான் பதில். வரிசையில் நிற்கவே இடமில்லாதவர் எங்கே போய் முறையிடுவது?

நாட்கள் கடந்ததை மட்டும் காரணம் காட்டிப் புள்ளிகளைக் காலாவதியாக்கக் கூடாதென்று 2016இல் இம்மாகாணம் சட்டமியற்றியது. நன்றி. ஆனால் 95ஐ நாளை 120 ஆக்கினால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? நூறு வயதுவரை வாழ அனுமதி, சாப்பாடு மட்டும் கிடையாது!

எயர் கனடா பயணிகளுக்கான புள்ளித் திட்டமான ஏரோபிளானிலும் இதே கதைதான். 2017 மே மாதம் எயர் கனடா விலகல் அறிவித்த அன்றே அதை நடத்திய எய்மியா நிறுவனத்தின் பங்கு விலை பாதிக்கு மேல் சரிந்தது. அடுத்த ஆண்டு அதே எயர் கனடா, வங்கிகளோடு சேர்ந்து, ஏரோபிளானை வாங்க 250 மில்லியன் டொலரில் பேரத்தைத் தொடங்கி 450 மில்லியனில் முடித்தது. பெரிய பங்காளி போவதாகச் சொன்னால் விலை விழும், விழுந்தபின் அவரே வாங்கலாம். சட்டப்படி குற்றமில்லை. பேரம் பேசிய மேசையில் புள்ளி சேர்த்தவருக்கு ஒரு கதிரைகூட இருக்கவில்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

திவால் சட்டம் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசின் வேலை என்று பதில் வரும். இருக்கட்டும். பயண முகவர் வாங்கும் முற்பணத்தை நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கில் வைக்கச் சொல்வது யார்? ஒன்ராறியோதான். தொடர்மாடி வீட்டுக்கான முற்பணத்துக்கும் அப்படியே. விமானச் சீட்டு வாங்கக் கட்டிய காசுக்கு இருக்கும் காவல், அதே சீட்டுக்காகச் சேர்த்த புள்ளிக்கு ஏன் இல்லை? லோயல்டிவன் ஒதுக்கு நிதி வைத்திருந்தது உண்மை, ஆனால் அது ஒப்பந்தத்தின் பேரில் வைத்தது.

ஆகவே தயவுகூர்ந்து, 2023இன் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளில் நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கைச் சேருங்கள். மீட்கப்படாமல் போகும் பங்கை நிறுவனம் தானே மதிப்பிடக் கூடாது, சுயாதீனக் கணிப்பாளர் ஆண்டுதோறும் கையொப்பமிட வேண்டும். திட்டம் கைமாறினால் வாங்குபவர் குறைந்தது 24 மாதம் பழைய மீட்பு வீதத்தையே மதிக்கவேண்டும். இதை ஆராயும்போது கடைகளையும் வங்கிகளையும் கட்டாயம் அழைப்பீர்கள். புள்ளி சேர்ப்பவர்களையும் அழையுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒன்ராறியோவில் வாழும் தமிழ் நுகர்வோர் சிலர்