வல்வா புற்றுநோய்: காரணம் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பெண் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியான வல்வாவில் வரும் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வாய்விட்டுச் சொல்லவே பலரும் கூசும் நோயை எழுத எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால், ஹெச்பிவி என்னும் மனித பாப்பிலோமா வைரஸ்தான் இதற்குக் காரணம், தடுப்பூசி போட்டுவிட்டால் அச்சமில்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பது, பல ஆண்டுகளாக நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் நோயியல் மருத்துவரான எனக்கு உறுத்துகிறது.

வல்வாவில் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை, தோலின் மேற்பரப்புத் தட்டைச் செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுகள். நிறமிச் செல்களில் வரும் மெலனோமா, யோனி வாயிலருகே உள்ள பார்தோலின் சுரப்பியில் வரும் புற்று போன்றவை அரிது. அந்தச் செதிள் செல் புற்றையே உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வகைப்பாடு, ஹெச்பிவி சார்ந்தது, சாராதது என இரண்டாகப் பிரித்திருக்கிறது. வடிவத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாதபோது பி16 என்னும் புரதத்தைக் காட்டும் சாயம் கைகொடுக்கிறது: முதல் வகையில் புற்றுச் செல்கள் இடைவெளியின்றிப் பழுப்பேறி நிற்கும். இரண்டாவது வகையோ பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்களிடம், லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் நாள்பட்ட நோயால் வெளுத்துச் சுருங்கிய தோலில் உருவாகிறது. தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த இரண்டாவது வகை புற்றாக மாறும் முன் செல்களில் தோன்றும், டிவின் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் முன்னோடி மாற்றம் எளிதில் ஏமாற்றிவிடும். மேலடுக்குகள் ஒழுங்காக முதிர்ந்திருக்க, கோளாறு அடிவரிசைச் செல்களில் மட்டும் பதுங்கியிருக்கும். தீராத அரிப்புக்காக எடுத்த பயாப்சியை வெறும் தோல் அழற்சி என்று எழுதிவிட்டு, பின்னர் அதே ஸ்லைடை மறுபடி பார்த்து நானே திடுக்கிட்டதுண்டு.

கட்டியின் அளவை மட்டும் வைத்து நோயின் நிலையைச் சொல்லியிருப்பதும் போதாது. கட்டி 2 செ.மீ.க்கு மேற்படாமலும், ஊடுருவிய ஆழம் 1 மி.மீ.க்கு மேற்படாமலும் இருந்தால்தான் அது 1ஏ என்னும் மிக ஆரம்ப நிலை; அதைத் தாண்டினால் 1பி. தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்களை அகற்றாமல் விடலாமா என்பது அந்த ஒரு மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது. அதை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்பதையே ஃபீகோ என்னும் பன்னாட்டு மகளிர் நல மருத்துவக் கூட்டமைப்பு 2021இல் மாற்றிவிட்டதால், முன்பு 1பி எனக் குறித்த சில கட்டிகள் புதிய அளவீட்டில் 1ஏ ஆகக்கூடும்.

ஆகவே அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். வெண்திட்டும் விடாத அரிப்பும் உள்ள முதிய பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனை தேவை என்ற ஒரு வரியாவது அதில் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
நோயியல் மருத்துவர் ஒருவர்