கரிமலை இறக்கம்: பெரிய பாதைக்குக் கூட்டி வரும் குருசாமிமாருக்கு ஒரு திறந்த மடல்

குருசாமிமார்களுக்கு, சுவாமி சரணம்.

சபரிமலைக்கு எருமேலியிலிருந்து காட்டு வழியே நடந்துபோகும் பெரிய பாதையில், 'ஏத்தி விடப்பா, தூக்கி விடப்பா' என்று கரிமலை ஏற்றத்தில் தொண்டை கட்டும்வரை கேட்கிறோம். 'இறக்கி விடப்பா' என்று கேட்பவர் யாருமில்லை. உச்சியில் நாழிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, கொஞ்சம் கட்டையைச் சாய்த்து எழுந்ததும், 'இனிமேல் இறக்கம்தானே சாமி' என்று காலை வீசிப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். முட்டி போவது அங்கேதான்.

இந்த மடலில் கேட்பது ஒன்றே. ஏற்றத்துக்கு நீங்கள் போடும் கட்டளைகளை இறக்கத்துக்கும் போடுங்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவரும் மாலை போட்டிருக்கும் 41 நாளும் குருசாமி சொல்லைத் தட்டமாட்டார். உங்களுக்கு இருக்கும் அந்த அதிகாரம் வேறு யாருக்கும் இல்லை.

முதலில், இறக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும், உடம்பே நம்மை நிறுத்திவிடும். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் யாரும் நிற்பதில்லை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் மொத்த உடம்பையும் பிரேக் போட்டு நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. அது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். தசையை அதிகம் நோகவைக்கும் வேலை அதுதான். அந்தத் தசையின் இழுப்பு முழுவதும் முட்டிச் சிப்பி, அதாவது முட்டியின் முன்னால் இருக்கும் வட்ட எலும்பு வழியாகத்தான் போகிறது. சமதரையில் நடக்கும்போது சிப்பியை அழுத்தும் விசை உடல் எடையில் ஏறக்குறையப் பாதி. படி இறங்கும்போது அது எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேல். தொடை களைத்துப்போனால் பிரேக் பிடிக்க ஆள் இல்லை. கால் 'டொக் டொக்' என்று விறைப்பாக விழும், அதிர்ச்சி நேரே மூட்டுக்குள் இறங்கும்.

கரிமலையில் ஏற்றம் 5 கிலோமீட்டர், இறக்கம் 5 கிலோமீட்டர் என்பது சாமிமார் வாய்க்கணக்கு. அடிக்கு அரை மீட்டர் வைத்தாலும் இறக்கத்தில் மட்டும் பத்தாயிரம் அடி, ஒரு காலுக்கு ஐயாயிரம். எருமேலியில் கிளம்பி, பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக்கோட்டை எல்லாம் கடந்து, ஏழு தட்டாக நிற்கும் கரிமலையையும் ஏறிய பிறகுதான் அந்த ஐயாயிரம் தொடங்குகிறது. தொடை மிகவும் களைத்திருக்கும் நேரத்தில் மிகக் கடினமான வேலை வருகிறது. வனத்துறை நேரக்கட்டுப்பாடு, இருட்டுவதற்குள் பம்பை சேர வேண்டும் என்ற பதற்றம், இரண்டும் சேர்ந்து வேகத்தைக் கூட்டிவிடும். அதனால் நேரக்கணக்கு போடும்போது ஏற்றத்துக்கு எவ்வளவு நேரமோ, இறக்கத்துக்கும் அதே அளவு ஒதுக்குங்கள். 'இறக்கம், பாதி நேரம் போதும்' என்பது தப்புக் கணக்கு.

இஞ்சிப்பாறைக்கோட்டையிலிருந்து கரிமலைத் தோட்டுக்கு (ஓடைக்கு) இறங்கும் வழியையும் லேசாக எண்ண வேண்டாம். அது வழுக்கும். அங்கே ஒரு முறை சறுக்கி முட்டியைத் திருப்பிக்கொண்டவர், வலியை வெளியே சொல்லாமல் கரிமலை ஏறிவிடுவார். மறுபக்கம் இறங்க முடியாமல் உட்கார்ந்துவிடுவார். வண்டி வராத இடம். தோளில் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது இருமுடி. இருமுடி கட்டும் கட்டு நிறை அன்று ஒரு தராசு வையுங்கள். நெய்த்தேங்காயும் பூஜைப் பொருளும் முன்முடியில் இருந்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. எடை ஏறுவது பின்முடியிலும் தோள்பையிலும்தான். உரித்த தேங்காய் ஒன்று ஏறக்குறைய அரைக் கிலோ. எருமேலியில் ஒன்று, பம்பையில் ஒன்று, படிக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பியது இரண்டு என்று சேர்த்தால் அதுவே இரண்டரைக் கிலோ. அவல், பழம், பேரீச்சை, இரண்டு செட் வேட்டி, போர்வை, பவர்பேங்க் என்று தோள்பை வேறு. மேலே சொன்ன மூன்று மடங்குக் கணக்கில், வேண்டாத நாலு கிலோ முட்டிச் சிப்பியில் பன்னிரண்டு கிலோவாக ஒவ்வொரு அடியிலும் இறங்குகிறது. போகும் வழியில் சிதறவிடும் தேங்காயை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மொத்தச் சுமை, இருமுடியும் பையும் சேர்த்து, ஆறு கிலோவுக்குள் நிற்கட்டும். தோள்பையை ஒரே தோளில் தொங்கவிட்டால் அது இறக்கத்தில் முன்னே ஆடி நடையைக் குலைக்கும். இரண்டு தோளிலும் மாட்டும் பையாக, இடுப்போடு ஒரு துண்டால் கட்டிவிடுங்கள்.

இருமுடி தலையில் இருப்பவர் கழுத்தைக் குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. ஆகவே பார்வை காலடியில் இல்லாமல் நாலு அடி முன்னால் இருக்கப் பழக வேண்டும். வேர் எங்கே, கல் எங்கே என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு கால் போட வேண்டும். ஒரு கை இருமுடியைப் பிடிக்கிறது. மிச்சம் இருப்பது ஒரு கை. அந்தக் கையில் கம்பு இருக்க வேண்டும்.

கம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் கைக்கு அகப்பட்ட குச்சியை ஒடித்துக்கொண்டு வருவதுதான் வழக்கமாக இருக்கிறது. காட்டில் ஒடித்த பச்சைக் குச்சி வளையும், காய்ந்தது முறியும். ஊரிலிருந்தே கெட்டி மூங்கில் கம்பு கொண்டுவாருங்கள். நிமிர்ந்து நின்றால் நெஞ்சுக்குழி வரை உயரம், உள்ளங்கைக்குள் இறுக்கமாக அடங்கும் தடிமன். கணுவுக்குச் சற்றுக் கீழே அறுத்தால் அடிமுனை பிளக்காது. அந்த முனையில் பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டி, இரண்டாக மடித்துக் கவிழ்த்து, மேலே கம்பியால் இறுக்கிச் சுற்றுங்கள். ஈரப்பாறையில் வெறும் மூங்கில் வழுக்கும், ரப்பர் பிடிக்கும். கைப்பிடியில் பருத்தித் துணி சுற்றினால் வியர்வையில் நழுவாது. ஏறும்போது கம்பைக் கொஞ்சம் கீழே பிடிக்க வேண்டும், இறங்கும்போது உச்சியில். கம்பு முதலில் கீழே ஊன்ற வேண்டும், பிறகுதான் கால். காலை வைத்துவிட்டுக் கம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவது வெறும் சுமை. ஒரு முட்டியில் ஏற்கெனவே நோவு இருந்தால் எதிர்ப்பக்கக் கையில் கம்பு இருக்கட்டும். உயரமான படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே. இதைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம்.

அடி வைக்கும் முறைக்கு ஒரு அளவு சொல்லலாம்: முன்னே வைக்கும் பாதத்தின் குதிகால், பின்பாதத்தின் பெருவிரலைத் தாண்டி ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. முட்டியை நீட்டி விறைத்து ஊன்றாமல் லேசாக மடக்கிய காலில் இறங்க வேண்டும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது இயல்புதான், ஆனால் குதிகால் வழுக்குவது அதனால்தான். இடுப்பு பாதத்துக்கு மேலேயே இருக்கட்டும். கரிமலை இறக்கத்தில் மரவேர்கள் குறுக்கே ஓடிப் படிபோல் நிற்கும். ஈரம் பட்டால் அந்த வேரின் முதுகு எண்ணெய் தடவியது போலிருக்கும். வெறுங்காலை வேரின்மேல் வைக்காமல், இரண்டு வேர்களுக்கு நடுவில் மண்ணில் வையுங்கள். பாதை அகலமாக இருந்தால் நேரே இறங்காமல் இடமும் வலமுமாக வளைந்து இறங்கலாம். முழங்கால் உயரத்துக்குப் பள்ளம் வந்தால் குதிக்கவே கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கம்பை ஊன்றி, ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும். சரணம் சொல்லிக்கொண்டு இளவட்டங்கள் ஓடி இறங்குவது பார்க்க அழகுதான். அவர்கள் மோதித் தள்ளுவது முன்னால் போகும் அறுபது வயதுச் சாமியை.

ஆகவே இறக்கத்தில் வரிசையை மாற்றுங்கள். ஏற்றத்தில் வேகமானவர் முன்னே போகலாம். இறக்கத்தில் குழுவிலேயே மெதுவாக நடப்பவர் முன்னே, கன்னிசாமிகள் நடுவே, அனுபவசாலி ஒருவர் கடைசியில். ஆளுக்கு ஆள் இரண்டு கை நீளம் இடைவெளி. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் நின்று, மூன்று நிமிடம் கால் உதறி, இரண்டு மடக்குத் தண்ணீர். உட்கார வேண்டாம், குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். கரிமலை உச்சியில் வெறும் வயிற்றோடு யாரையும் இறக்காதீர்கள். விரதக்காரர் என்றாலும் அவல், வெல்லம், வாழைப்பழத்துக்குத் தடையில்லை. உப்புப் போட்ட கஞ்சியோ எலுமிச்சைத் தண்ணீரோ உள்ளே போனால் தொடை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

இவை எல்லாம் மலையில் செய்ய வேண்டியவை. பாதி வேலை ஊரிலேயே இருக்கிறது. ஒரு மண்டலம் என்பது தொடையைப் பழக்கப் போதுமான காலம், அதுவும் தினமும் விடியற்காலையில் எழும் காலம். மாலை போட்ட முதல் வாரத்தில் காலை மாலை அரை மணி நடை, முடிந்தவரை வெறுங்காலில். இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், வீட்டுப் படியின் கடைசிப் படியில் நின்று ஒற்றைக் காலால் மெல்லக் கீழிறங்கும் பயிற்சி: மூன்று எண்ணுவதற்குள் மறு காலின் குதி தரையைத் தொட வேண்டும், பிறகு மேலே. காலுக்குப் பத்து, மூன்று சுற்று. சுவரில் விரல் படலாம், சாயக் கூடாது. முட்டி உள்பக்கம் சரியாமல் காலின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கிறதா என்று பக்கத்தில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அது சரிவதுதான் பலருக்கு வலிக்கான வேர்.

நான்காம் வாரத்தில் குழுவோடு ஒரு படி மலை. திருத்தணியின் 365 படியோ, பழனியின் 693 படியோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அது. ஏறுவதற்கு விஞ்ச் இருந்தால் தாராளமாகப் போகட்டும், இறங்குவது மட்டும் காலால். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை பிடித்துக்கொண்டு வலிக்கும். அந்த வலி நல்லது. ஒரு முறை இறங்கி வலித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அந்த அளவு நோகாது. கிளம்புவதற்கு முந்தைய ஐந்து நாள் இவை எதுவும் வேண்டாம், சும்மா நடந்தால் போதும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டி உறையை (நீ-கேப்) பற்றிக் கேட்பவர் உண்டு. அது முட்டிக்குத் தெம்பு தருவதில்லை, கதகதப்பும் பிடிமானமும் தரும், அவ்வளவுதான். சிப்பி வலிக்காரருக்கு நடுவில் ஓட்டை உள்ளது தேவலை. கெண்டைக்கால் மரத்தாலோ பாதம் வீங்கினாலோ அது இறுக்கம்; கழற்றுங்கள். இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம். மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கரிமலை உச்சியில் ஒரு டைக்ளோஃபினாக்கைப் போட்டுக்கொண்டு இறங்குவது பலருடைய பழக்கம். வெறும் வயிறு, வியர்த்து வற்றிய உடம்பு. அந்த நேரத்தில் அது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். வலி தெரியாததால் வேகமாக வேறு இறங்குவார்கள்.

எந்த வலியில் நடக்கலாம், எதில் நிற்க வேண்டும் என்று கேட்டால்: தொடை முழுக்கக் கனத்து வலிப்பது களைப்பு. சிப்பிக்குக் கீழேயோ, முட்டியின் வெளிப்பக்கத்தில் கத்தி வைத்தாற்போலவோ வலித்தால் அடியைப் பாதியாகக் குறைத்து, சுமையை வேறு சாமியிடம் கொடுத்து இறங்கலாம். முட்டி ஒரு மணி நேரத்துக்குள் உருண்டு வீங்கினால், மடக்கியது நீட்ட வராமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று மடங்கி விட்டுக்கொடுத்தால், அவர் நடப்பது முடிந்தது. நீவிவிடுகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது. முதல் இரண்டு நாள் சூடான எண்ணெய்த் தடவல் வீக்கத்தைக் கூட்டும். கிரேப் பேண்டேஜைக் கெண்டைக்காலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலை உயர்த்தி வைத்து, ஆள் அனுப்பிச் சொல்லுங்கள்.

சத்திரம் என்ற இடத்திலிருந்து புல்மேடு வழியாகச் சந்நிதானம் போகும் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குமுளி வழியாக வரும் நம் ஊர்க் குழுக்கள், 'ஏற்றம் குறைவு, வயசானவங்களுக்கு நல்லது' என்று சொல்லி அந்த வழியில் கூட்டி வருகிறார்கள். மூச்சுக்கு நல்லதுதான். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் புல்மேட்டிலிருந்து ஐந்நூறு மீட்டருக்கும் கீழே இருக்கும் சந்நிதானத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். முட்டி தேய்ந்தவருக்கு அது பெரிய பாதையைவிடச் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. அவர்களைப் பம்பை வழியாகவே கூட்டிப் போங்கள். தரிசனம் முடிந்து திரும்பும்போதும் நீலிமலைச் சரிவைத் தவிர்த்து சுவாமி ஐயப்பன் ரோடு வழியாக இறக்குங்கள். சுற்றுதான், ஆனால் சரிவு குறைவு.

ஊர் திரும்பும் வேனில் பத்து மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்துவிட்டு, இறங்கும்போது கால் நீட்ட வராமல் திண்டாடுவதையும் பார்க்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், டீ குடிக்காதவரும் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கட்டும். வலி இருப்பவரை ஓரத்து சீட்டில் உட்கார வைத்தால் நடைவழியில் கால் நீட்டிக்கொள்வார்.

சுவாமியே சரணம் ஐயப்பா.

இப்படிக்கு,
பெரிய பாதையில் உடன் நடக்கும் சாமிமார்